தாஜ்மகாலில் காய்ந்த மிளகு

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பெருமாயி எதற்கும் பயப்பட மாட்டாள் என்று ஊரில் பேச்சு. ஒற்றையடிப் பாதையில் கரடி எதிரே வந்தால் கரடிதான் வழி மாறிப் போகும் என்று அவள் கொழுந்தன் சின்னையன் சொல்லிச் சிரிப்பான். பாவம், அண்ணியைப் பற்றி அவனுக்கு அவ்வளவுதான் தெரியும். அவளுக்கும் ஒரு பயம் உண்டு. ஈரத்தைக் கண்டால் பயம். சாமையோ கேழ்வரகோ மிளகோ, காயப்போட்டதில் கொஞ்சம் ஈரம் தங்கிவிட்டது என்று தெரிந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

மற்றப் பெண்கள் மிளகை நாலு நாள் காயப்போட்டால் பெருமாயி ஏழு நாள் போடுவாள். அவள் வீட்டுக்கு மேலே அகலமான ஒரு பாறை. காலையில் வெறுங்காலோடு அதன்மேல் இங்குமங்கும் நடப்பாள். எந்த இடம் முதலில் உள்ளங்காலைச் சுடுகிறதோ அங்கே மிளகைக் கொட்டிப் பரப்புவாள். நிழல் நெருங்க நெருங்க மிளகைத் தள்ளிக்கொண்டே போவாள். ஏழாம் நாள் ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். படக்கென்று உடைந்தால் சரி. நசுங்கினால் எட்டாவது நாளும் உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷம், தை பிறப்பதற்குச் சில நாள் முன்னால், விவசாயத்துக்கு யோசனை சொல்லும் சர்க்கார் உத்தியோகஸ்தரான கிராம சேவக் சின்னுசாமி மலையேறி வந்து ஒரு சேதி சொன்னார். டில்லியில் பெரிய விவசாயப் பொருட்காட்சி நடக்கிறது. சேலம் ஜில்லாவிலிருந்து முப்பது விவசாயிகளை ரயிலில் கூட்டிப் போகிறார்கள். மலையிலிருந்து இரண்டு பேர் வரலாம், விளைந்ததைக் கொண்டு வரலாம். உடனே ஊரில் ஏழெட்டு வீட்டு மிளகைக் கொண்டுவந்து கொட்டிப் பார்த்தார்கள். சேவக் எல்லாவற்றிலும் கையை விட்டு அளைந்துவிட்டுப் பெருமாயியின் மிளகைக் காட்டினார். ஒதுக்கப்பட்டதில் சின்னையனுடைய மிளகும் ஒன்று.

சின்னையனுக்குப் பொறுக்கவில்லை. “பொம்பளை காய வெச்ச மொளகு டில்லி போயிச் சேர்றதுக்குள்ள பூசணம் பூத்திரும். கொல்லிமலை மொளகுன்னாலே ஈரம்னு சேந்தமங்கலத்துச் சந்தைக்காரன் சிரிக்கறது பத்தாதா? டில்லிக்காரனும் சிரிக்கோணுமா?” என்றான்.

பெருமாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். “கொழுந்தனாரே, கேட்டுக்கோங்க. என்ற மொளக டில்லியில ஈரம்னு ஒதுக்குனாங்கன்னா, இனிமே நான் காயப்போடற பாறையில காலு வெக்க மாட்டேன். எட்டுக்கை அம்மா மேல சத்தியம்.”

கூட்டம் கசமுசவென்று பேச ஆரம்பித்தது. எட்டுக்கை அம்மன்மேல் சத்தியம் செய்துவிட்டு அதை மீறியவர் அந்த மலையில் கிடையாது. அவள் புருஷன் முத்தன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவன் எப்போதுமே வாயைத் திறப்பதில்லை. அந்தக் குடும்பத்துக்கு அது நல்லதாகவே இருந்து வந்தது.

இன்னொரு ஆள் வாசலூர்பட்டிப் பாவாயி. இருபத்தைந்து வயது, மரவள்ளிக் கிழங்கு கொண்டு வந்தாள். அவளுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு. பஸ் குலுங்கினால் சிரிப்பாள், ரயில் ஊதினால் சிரிப்பாள், மதராஸில் மாடி பஸ்ஸைப் பார்த்துவிட்டு அழுகிற அளவுக்குச் சிரித்தாள். பெருமாயி நாலு படி மிளகைத் துணிப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் காவல் இருப்பதைப் போல உட்கார்ந்து வந்தாள். நாகபுரி வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

நாகபுரி ஸ்டேஷனில் பாவாயி இறங்கி ஒரு மண்கூஜா வாங்கினாள். குழாயில் தண்ணீர் பிடித்தாள். ரயில் நகர்ந்துவிடுமோ என்ற அவசரத்தில் ஜன்னல் வழியாகக் கூஜாவை உள்ளே நீட்டினாள். நீட்டும்போது பிளாட்பாரத்தில் யாரோ ஒருவர் தலைப்பாகையைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. கூஜா கவிழ்ந்தது. நாலு படி மிளகும் நன்றாகக் குளித்தது.

பெருமாயி பையைத் தூக்கிப் பிடித்தாள், அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாவாயி வாழ்க்கையில் முதல் தடவையாக அழுதாள். பிறகு இரண்டு பேரும் மேல் பலகையில் துப்பட்டியை விரித்து மிளகைப் பரப்பினார்கள். கீழே இருந்தவர்கள் இட்டார்சி வரைக்கும் தும்மிக்கொண்டே வந்தார்கள். ஆனால் வடக்கே போகப் போக ஒரே பனி. வெளியே வெள்ளையாக மூடிக்கிடந்தது. அந்தக் குளிரில் மிளகு காயவில்லை. அள்ளினால் கையில் ஒட்டியது.

கூட வந்த சின்னுசாமி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “நாளைக்குக் காலையில பத்து மணிக்குப் பொருட்காட்சியில ஒப்படைக்கோணும். ஆபீசர் கையை உட்டுப் பாப்பாரு. ஒட்டுச்சுன்னா அப்பவே தள்ளீருவாரு.” பிறகு சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஏனுங்க, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கப்படாது. டில்லிக் கடைவீதியில நல்ல மொளகு கெடைக்கும். நாலு படி வாங்கி இந்தப் பையில போட்டுக் குடுத்துரலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியுமுங்க” என்றாள் பெருமாயி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று காலையிலேயே ஆக்ராவில் இறங்கினார்கள். அரை நாள் இங்கே தாஜ்மகால் பார்ப்பது, சாயங்காலம் டில்லிக்கு ரயில், அதுதான் ஏற்பாடு. பஸ் ஒன்று வந்து முப்பது பேரையும் ஏற்றிக்கொண்டது. பெருமாயி ஈரப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறினாள். தாஜ்மகால் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் மனநிலையிலும் அவள் இல்லை. அவள் ஆகாயத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பதினொரு மணிக்குப் பனி விலகி வெயில் எட்டிப் பார்த்தது.

பெரிய சிவப்புக் கல் வாசலுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்ததும் முப்பது பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். ராசிபுரத்துக் கவுண்டர் ஒருவர் துண்டைக் கீழே போட்டார். தூரத்தில், நீளமான தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால், வெள்ளை வெளேரென்று அது நின்றது. நாலு மூலைக்கு நாலு தூண், நடுவில் கலசம் வைத்த கும்மட்டம், மாபெரும் கூண்டு மாதிரி. பாவாயிக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. சின்னுசாமி நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து, ஷாஜகான் என்ற ராஜா தன் மனைவி மும்தாஜுக்குக் கட்டிய சமாதி, இருபத்திரண்டு வருஷம், இருபதாயிரம் பேர் வேலை செய்ததாகச் சொல்கிறார்கள் என்று வாசித்தார்.

எல்லாரும் அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தார்கள். பெருமாயி மட்டும் கீழே பார்த்தாள். கட்டடம் நின்றிருந்த அந்த வெள்ளை மேடையைப் பார்த்தாள். ஒரு புல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை, ஒரு மரத்து நிழல் இல்லை. வழவழவென்று வெயிலில் விரிந்து கிடந்தது.

“புள்ள பாவாயி, எத்தாச்சோடு பெரிய களம் பாருடி!” என்று கத்திக்கொண்டே ஓட ஆரம்பித்தாள்.

மேடைக்கு ஏறும் படியில் எல்லாரும் செருப்பைக் கழற்றினார்கள். மலைக்காரிகள் இரண்டு பேருக்கும் கழற்ற ஒன்றுமில்லை. பெருமாயி மேலே போனதும் வழக்கம்போல் இங்குமங்கும் நடந்து பார்த்தாள். நடக்க நடக்க முகம் மாறியது. இவ்வளவு வெயிலிலும் அந்த வெள்ளைக் கல் சில்லென்று இருந்தது. இன்னொரு இடம் போய்ப் பார்த்தாள், அங்கேயும் சில்லென்றுதான் இருந்தது. சரி, காற்றாவது அடிக்கிறதே என்று பையை அவிழ்த்து ஒரு பிடி கொட்டினாள். வெள்ளைக் கல்லில் கறுப்பு மணிகள் உருண்டன. பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது.

அதற்குள் காக்கிக் கோட்டும் மப்ளரும் போட்ட மீசைக்காரக் காவல்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். சின்னுசாமி நடுவில் வந்து நின்றார். அவர் இந்தியில் முதல் பரீட்சை பாஸ் செய்தவர். அந்தப் பரீட்சையில் வந்த வாக்கியங்கள் எதுவும் அங்கே உதவவில்லை என்பதுதான் கஷ்டம். “இது மிளகு, இது நல்ல மிளகு, இது பெரிய மிளகு” என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பெருமாயி காவல்காரரின் கோபத்தைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்த்தாள். அது ஒழுகிக்கொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது. பேசும்போது குரல் அடைத்தது. கட்டின ஜலதோஷம். அவள் பத்து மிளகை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, மென்று காட்டினாள். “மெல்லுங்க சாமி. நல்லாப் போயிரும்” என்றாள், தமிழிலேயே.

அந்த மனுஷன் என்ன நினைத்தாரோ, வாயில் போட்டு மென்றார். முதலில் மீசை துடித்தது. அப்புறம் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. ஏழெட்டுத் தும்மல் தும்மினார். பிறகு மூக்கால் நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். எத்தனை நாளைக்கப்புறம் அந்த மூச்சு வந்ததோ தெரியாது, முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. மேடையில் கிடந்த மிளகை ஒரு மணி விடாமல் அவரே பொறுக்கிக் கொடுத்தார். அப்புறம் வாருங்கள் என்று கையைக் காட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே இறங்கிப் போனார்.

வெள்ளைக் கட்டடத்துக்கு இடது பக்கம் சிவப்புக் கல்லால் கட்டிய பள்ளிவாசல் ஒன்று, மூன்று வெள்ளைக் கும்பத்தோடு நின்றது. அதற்கு முன்னால் தரை முழுக்கச் சிவப்புக் கல். ஒரு மூலையில் காவல்காரர்களின் பஞ்சு மெத்தைப் போர்வை இரண்டு காய்ந்துகொண்டிருந்தன. அதன் பக்கத்து இடத்தைக் காட்டினார். பெருமாயி காலை வைத்தாள். உள்ளங்கால் சுட்டது. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இதுதாம்புள்ள கல்லு! வெள்ளைக் கல்லு பாக்கறதுக்குத்தான். சூடு ஏறாது. செவப்புக் கல்லுதான் பாறையாட்டம்” என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் தரையைத் துடைத்து மிளகைப் பரப்பினாள். காவல்காரர் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று கையை ஆட்டினார். பஸ் இரண்டரை மணிக்கு. வெயில் நன்றாக ஏறியிருந்தது. நாகபுரியிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு திறந்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

அதற்கப்புறம்தான் அவள் தாஜ்மகாலைப் பார்த்தாள். சுவரில் கல்லிலேயே பூவும் கொடியும் பதித்திருந்தார்கள். சிவப்புக்கல், பச்சைக்கல், மஞ்சள்கல். ஒட்டின இடம் தெரிகிறதா என்று நகத்தால் தடவினாள். நகம் தட்டவே இல்லை. “அடி ஆத்தா, இத வளத்தாங்களா, வெச்சாங்களா?” என்றாள். மூலைத் தூண்களை ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். “இது நேரா நிக்கல, வெளிய பாத்துச் சாஞ்சிருக்குது” என்றாள். சின்னுசாமி நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நிஜந்தான், பூகம்பம் வந்தால் சமாதிமேல் விழாமல் வெளியே விழட்டும் என்று அப்படிக் கட்டினார்களாம் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். “மரம் வெட்டறப்ப ஊட்டுப் பக்கமா சாய உடுவோமுங்களா?” என்றாள்.

உள்ளே எட்டுப் பட்டைக் கூடம், மங்கலான வெளிச்சம். கல்லைச் சல்லடையாக்கின மாதிரி ஒரு தடுப்பு. அதற்குள்ளே இரண்டு சமாதி. நடுவில் இருப்பது ராணி, பக்கத்தில் ராஜா, இது மேலுக்கு வைத்தது, நிஜ சமாதி அடியில் இருக்கிறது என்று சின்னுசாமி விளக்கினார். “இந்தக் கட்டடம் பூராவும் இந்தப் பக்கம் எப்பிடியோ அந்தப் பக்கமும் அப்பிடியே. ராணிக்குன்னு கட்டுனது, அதனால அவங்க சரியா நடுவுல. ராஜா அப்புறம் செத்துப்போயி, அவரைக் கொண்டாந்து ஓரமா வெச்சாங்க. அது ஒண்ணுதான் இங்க கோணல்.”

பெருமாயிக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. “இத்தாச்சோடு ஊட்டக் கட்டிப்போட்டு ஆம்பளை ஓரத்துல படுத்திருக்கான் பாரு” என்று பாவாயியை இடித்தாள். “அதும் நம்ம மொளகு கெடக்கற பக்கமாப் படுத்திருக்கான். காவலுக்கு ஆள் இருக்குது, வா.”

அப்போது அங்கிருந்த ஒரு பெரியவர் தலையை உயர்த்தி ‘ஹோ’ என்று குரல் கொடுத்தார். மேலே கூண்டு அதை வாங்கிச் சுழற்றிச் சுழற்றி வெகுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தது. பாவாயிக்குப் போன சிரிப்பெல்லாம் திரும்பி வந்துவிட்டது. மலையில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு ‘கூ’ போட்டாள். அதையும் கூண்டு வாங்கிக்கொண்டது.

“ஏக்கா, நீ மாமன் பேரைச் சொல்லு. இங்க யாருக்குத் தெரியப்போவுது?”

பெருமாயி அவளை முறைத்தாள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். புருஷன் பெயரை அவள் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. ரேஷன் ஆபீஸில் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு என்னவோ ஆகியிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். கழுத்தை நீட்டி, “முத்தன்!” என்றாள்.

அது மேலே போயிற்று. ஒரு ஆள் சொன்னதை நூறு ஆள் சொல்கிற மாதிரி முத்தன் முத்தன் என்று கூண்டு முழுக்க உருண்டது. பெருமாயி வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் சூடேறிவிட்டது. வெட்கமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. சத்தம் அடங்கினதும் மறுபடி ஒரு தடவை சொன்னாள், இந்தத் தடவை சத்தமாக. பாவாயி சுவரோரமாக உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஒரு தகராறு. நல்ல இடத்தைப் பார்த்தால் சுற்றி வராமல் போகக் கூடாது. வலது பக்கமாகச் சுற்றுவதா, இடது பக்கமாகச் சுற்றுவதா? “இத்தன அழகா இருக்குதே, கோயிலாட்டந்தான். வலமா வரோணும்” என்றாள் பாவாயி. “பொணத்தப் பொதைச்ச எடம், எடமாத்தான் வரோணும்” என்றாள் பெருமாயி. கடைசியில் அப்படி ஒன்றரைச் சுற்று, இப்படி ஒன்றரைச் சுற்று என்று சமாதானமாகி, மேடையைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொண்டு ஓடினார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பெரிய வளைவு, அதே பூ, அதே தூண். பாதியில் எத்தனை சுற்று என்பதில் மறுபடி சண்டை. இரண்டு பேருக்கும் தலை கிறுகிறுத்துவிட்டது. சிரித்து ஓய்ந்து படியிறங்கி, சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றார்கள்.

மிளகைக் காணோம்.

மூன்று கும்பம் இருக்கிறது. சிவப்புத் தரை இருக்கிறது. மூலை இருக்கிறது. மிளகும் இல்லை, போர்வையும் இல்லை, மீசைக்காரரும் இல்லை. பெருமாயி குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள். அந்த மலையில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஒரு பாறையைப் போல இன்னொரு பாறை அங்கே கிடையாது, ஒரு வளைவைப் போல இன்னொரு வளைவு கிடையாது. இருட்டுக் காட்டில்கூட வழி தவறாதவளுக்கு இந்த இடம் அந்த இடமில்லையோ என்ற சந்தேகமே வரவில்லை. திருட்டுப் போய்விட்டது என்றே முடிவு கட்டினாள்.

அங்கே இன்னொரு காவல்காரன் நின்றிருந்தான், மீசையில்லாத சின்ன வயசுக்காரன். அவனைப் பிடித்துக்கொண்டாள். முந்தானை முடிச்சில் ஒட்டியிருந்த மூன்று மிளகை எடுத்துக் காட்டி, “இது எங்கீங்க? நாலு படி இருந்துச்சே, எங்கீங்க?” என்று கேட்டாள். அவன் அந்த மூன்று மிளகையும் மரியாதையாக வாங்கி வாயில் போட்டுக்கொண்டு அவளைக் கும்பிட்டான். பாவாயி சிரித்துவிட்டாள். பெருமாயி அவளைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

“சிரிக்கறயா? ஊருக்குப் போயி நான் பாறையில காலு வெக்க முடியாதுடி. சின்னையங்கிட்டத் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கோணும். நாங் காயப்போட்டதுதான் நானு. அது போச்சுன்னா நான் யாருடி?” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அழுகை வந்ததும் கோபமும் வந்தது. யார்மேல் காட்டுவது? இந்த வீட்டுக்காரன்மேல்தான் காட்ட வேண்டும். விடுவிடுவென்று படியேறி உள்ளே போனாள். சல்லடைக் கல்லைப் பிடித்துக்கொண்டு ராஜாவின் சமாதியைப் பார்த்து, “உன்ற ஊட்டுல என்ற மொளகு திருட்டுப் போச்சு, நீ படுத்துட்டே கெடக்கற! காவலுக்கு இருக்கறன்னு நம்பித்தான உட்டுட்டுப் போனேன்...” என்று ஆரம்பித்தாள்.

ராஜா அவளுக்கு இடது கைப் பக்கம் படுத்திருந்தான்.

மிளகு கிடக்கிற பக்கம் படுத்திருக்கிறான் என்று அவளே சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியானால் மிளகும் இடது கைப் பக்கம். இப்போது வாசலில் இருந்து எந்தப் பக்கம் இறங்கிப் போனோம்? கையை நீட்டிப் பார்த்தாள். உள்ளே பார்த்து நின்றால் வலது கைப் பக்கம். “பாவாயி, நாம இவம் பக்கமே போவுலடி! அந்தப் பக்கமும் ஒண்ணு அதேயாட்டம் கட்டி வெச்சிருக்கறான் பாவி!” என்று கத்தினாள். கூண்டு அதையும் வாங்கிக்கொண்டு பாவி பாவி என்று சொன்னது. நல்லவேளை, அங்கிருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது.

ஓட்டமாக ஓடினார்கள். மறுபக்கத்துச் சிவப்புக் கட்டடம் அச்சு அசலாக அதே கட்டடந்தான். அங்கே போர்வை காய்ந்தது. மிளகும் காய்ந்தது. மீசைக்காரர் குச்சியால் அணிலை விரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பிடி மிளகு குறைந்திருந்தது, அவர் கோட்டுப் பையும் கொஞ்சம் உப்பியிருந்தது. அதைப் பெருமாயி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் காலில் விழாத குறைதான்.

ஒரு மணியை எடுத்துக் கடித்தாள். நசுங்கியது.

மணி இரண்டு. பள்ளிவாசலின் நிழல் மெல்ல மெல்ல மிளகை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெருமாயி மண்டியிட்டு உள்ளங்கையால் மிளகை வெயிலுக்குத் தள்ளினாள். பாவாயியும் உட்கார்ந்து தள்ளினாள். மீசைக்காரர் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு தள்ளினார். அவர்களைத் தேடிக்கொண்டு வந்த ராசிபுரத்துக் கவுண்டர் துண்டை எடுத்து விசிற ஆரம்பித்தார். காய்கிற பொருளைப் புரட்டிவிட வேண்டும் என்று ஒரு விவசாயிக்கு இன்னொருவர் சொல்ல வேண்டுமா? ஒவ்வொருவராக வந்து சேலம் ஜில்லா முழுக்க அங்கே குனிந்துவிட்டது. வெள்ளைக்கார துரைசானி ஒருத்தி குடையை மடக்கி வைத்துவிட்டு நாலு மிளகைத் தள்ளினாள். அது ஏதோ பூஜை என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

“பஸ்ஸு! பஸ்ஸுக்காரன் போயிருவான்!” என்று கத்திக்கொண்டு சின்னுசாமி வந்தார். பெருமாயி தலையைத் தூக்கவில்லை. “போறவன் போவட்டுமுங்க. நான் பின்னால வாரேன்” என்றாள். டில்லிக்கு அவள் எப்படிப் பின்னால் வருவாள் என்று அவர் கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் மண்டியிட்டார்.

இரண்டு இருபதுக்கு ஒன்றைக் கடித்தாள். நசுங்கவில்லை, உடையவும் இல்லை. இரண்டரைக்கு இன்னொன்று. எல்லாரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படக்.

சத்தம் சிறியதுதான். ஆனால் ராசிபுரத்துக் கவுண்டர் துண்டை ஆகாயத்தில் வீசினார். மீசைக்காரர் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். பத்துக் கை சேர்ந்து மிளகை அள்ளிப் பையில் போட்டது. தாஜ்மகால் தோட்டத்து வழியாக முப்பது பேர் அன்றைக்கு ஓடின மாதிரி அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். பெருமாயி பையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

மறுநாள் காலை பத்து மணி. டில்லியில் துணிக்கூடாரத்துக்குள் நீள மேஜை. கண்ணாடி போட்ட ஆபீசர் பையை அவிழ்த்து உள்ளே கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும் விட்டுக் கிளறினார். ஆபீசர் ஒரு பிடி அள்ளி, உயரத்தில் இருந்து பித்தளைத் தட்டில் கொட்டினார். கலகலவென்று கொட்டியது. விரலை விரித்துப் பார்த்தார். ஒரு மணிகூட ஒட்டவில்லை. ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பெரிய கண்ணாடி ஜாடியில் மிளகை நிரப்பி மூடியைத் திருகி, மேஜையில் மற்ற ஊர் மிளகுகளுக்கு நடுவில் வைத்தார். ‘கொல்லிமலை, பெருமாயி’ என்று எழுதின அட்டையைச் சின்னுசாமி அதன் முன்னால் சாய்த்து வைத்து, எழுதியிருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டினார்.

பெருமாயி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை. கூடாரத்தில் நாலா பக்கத்து ஜனங்களும் நின்று பார்த்தார்கள்.

சின்னுசாமிக்குக் கூச்சமாகிவிட்டது. “எந்திரீங்க, எந்திரீங்க. எல்லாரும் பாக்கறாங்க” என்றார்.

“பாக்கட்டுமுங்க” என்றாள் பெருமாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பாக்கறதுக்குத்தானுங்களே கொண்டாந்தோம்.”